டோம்பிவிலி ரெயில் நிலையம் தந்த எண்கள்! தாணேயில் படித்த குமாஸ்தா மகன் கணித உலகை வென்ற கதை

தாணே, கல்வா, டோம்பிவிலி, கல்யாண் பகுதிகளில் குடியிருந்துகொண்டு, தினமும் காலையில் ரெயில் பிடித்து மும்பைக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் ஏராளம்.

டோம்பிவிலி நிலையம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கூட்டம். வண்டி வந்து நின்றதும் முண்டியடித்து ஏற வேண்டும். உட்கார இடம் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் அதே நிலையத்தில் ஒருவருக்கு எண்கள் நினைவுக்கு வந்தன. ரெயில் வருவதும் போவதுமாக இருந்த அந்த இடத்தில் அவருக்கு ஒரு புதுக் கணக்கு தோன்றியது. அந்த எண்களுக்கு அவர் நிலையத்தின் பெயரையே சூட்டிவிட்டார்.

அவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. வெளிநாடு போய்ப் படித்தவரும் அல்ல. ஒரு சிறு ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர்.

தாணேயில் வாழும் தமிழர்கள் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம், அவர் பள்ளிப் படிப்பைப் படித்த ஊர் தாணே.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளை

கப்ரேக்கர் 1905ஆம் ஆண்டு ஜனவரி 17ந் தேதி டஹாணுவில் பிறந்தார். டஹாணு அப்போது தாணே மாவட்டத்தில் இருந்தது. 2014ல் பால்கர் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் போய்விட்டது.

எட்டு வயதில் தாயை இழந்தார். தகப்பனார்தான் வளர்த்தார். தகப்பனார் ஒரு குமாஸ்தா. ஜோதிடத்தில் அவருக்கு அபார ஈடுபாடு.

ஜோதிடம் பலிக்குமா, பலிக்காதா என்பது வேறு விஷயம். ஆனால் ஜாதகம் கணிக்க நிறையக் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும், பெருக்க வேண்டும். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பையனுக்கு ஜோதிடத்தைவிடக் கணக்கு பிடித்துப்போயிற்று.

தாணே பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில், மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப்போல அவர் கணக்குப் புதிர்களுடன் விளையாடினார். மணிக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை விடுவிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

1923ல் புனே பெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மாணவர்கள் சொந்தமாகச் செய்யும் கணித ஆராய்ச்சிக்கு ஒரு பரிசு இருந்தது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்ற முதல் இந்தியரான ராங்ளர் பராஞ்சபேயின் பெயரால் அமைந்த பரிசு அது.

1927ல் அந்தப் பரிசைக் கப்ரேக்கர் பெற்றார். பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்து எழுதி வாங்கும் பரிசு அல்ல அது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கே கிடைக்கும்.

1929ல் பட்டம் பெற்றார். அதற்கு மேல் படிக்கவில்லை. நாசிக் அருகே உள்ள தேவ்லாலிக்குப் போய் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். 1962ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்.

டெம்லோ எண்கள்

டோம்பிவிலி கதைக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் ஜி.ஐ.பி. ரெயில்வே என்று பெயர். இன்றைய மத்திய ரெயில்வேயின் முன்னோடி அது. அந்தப் பாதையில் பம்பாயில் இருந்து சுமார் 30 மைல் தூரத்தில் இருந்த நிலையத்தில்தான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. டோம்பிவிலியை அவர் 'டெம்லோ' என்று குறிப்பிட்டார். எண்களுக்கும் 'டெம்லோ எண்கள்' என்று பெயர் வைத்தார்.

அந்தக் குடும்பத்தில் மிக அழகானவற்றை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வெறும் ஒன்றுகளாலான எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

11 x 11 = 121

111 x 111 = 12321

1111 x 1111 = 1234321

படிக்கட்டில் ஏறி இறங்குவதுபோல் விடை வருகிறது அல்லவா? ஒன்பது ஒன்றுகளை எழுதி அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321 வரும். ஒன்று முதல் ஒன்பது வரை ஏறி, மறுபடி ஒன்று வரை இறங்கிவிடும்.

மந்திர எண் 6174

இனி, அவருடைய பெயரை உலகம் முழுவதும் கொண்டுபோன எண்ணைப் பார்ப்போம்.

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 1111, 2222 போன்றவை வேண்டாம்.

அந்த இலக்கங்களைப் பெரியதில் இருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். பிறகு சிறியதில் இருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். பெரிய எண்ணில் இருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். வந்த விடையை வைத்து மறுபடி அதேபோல் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு 1853 என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் போரிபந்தரில் இருந்து நம் தாணேவுக்கு ஓடிய ஆண்டு அது.

8531 – 1358 = 7173

7731 – 1377 = 6354

6543 – 3456 = 3087

8730 – 0378 = 8352

8532 – 2358 = 6174

இன்னொரு முறை செய்து பாருங்கள். 7641ல் இருந்து 1467 போனால் மறுபடியும் 6174. இதற்கு மேல் அது நகராது.

உங்கள் பிறந்த ஆண்டைப் போடுங்கள். கல்யாணம் ஆன ஆண்டைப் போடுங்கள். எதைப் போட்டாலும் ஏழு கழித்தலுக்குள் 6174ல் வந்து நின்றுவிடும். இடையில் விடை மூன்று இலக்கமாக வந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது ஒன்றுதான் விதி.

இதைக் கண்டுபிடித்தபோது கப்ரேக்கரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பேனாவும் காகிதமும் பொறுமையும்தான் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம்.

இந்த எண்ணை அவர் எங்கே அறிவித்தார் தெரியுமா? 1949ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கணித மாநாட்டில்!

நாம் பிழைப்புத் தேடி அங்கிருந்து இங்கே ரெயில் ஏறி வந்தோம். இந்த மராட்டிய வாத்தியாரோ தன் எண்ணை நம் ஊர் சபையில் அறிமுகம் செய்தார்.

ஏன் இப்படி வருகிறது?

இது மாயமா, மந்திரமா? இரண்டும் இல்லை.

பெரிய எண்ணிலும் சிறிய எண்ணிலும் இருப்பவை ஒரே இலக்கங்கள்தான். இடம் மட்டுமே மாறியிருக்கிறது. அதனால் ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் விடை எப்போதும் ஒன்பதால் வகுபடும். மேலே உள்ள 7173ன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 18 வரும். ஒன்பதின் மடங்கு.

இன்னொரு ரகசியமும் உண்டு. கழித்து வரும் விடையை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். மற்றொன்று, நடுவில் உள்ள இரண்டு இலக்கங்களின் வித்தியாசம்.

இதனால் 0001 முதல் 9998 வரை எந்த எண்ணில் தொடங்கினாலும், முதல் கழித்தலிலேயே 54 விடைகளில் ஏதாவது ஒன்றுதான் வர முடியும். ஆயிரக்கணக்கான எண்கள் ஒரே தட்டலில் 54 ஆகச் சுருங்கிவிடுகின்றன. அந்த 54ஐயும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், எல்லாப் பாதையும் 6174ல் முடிவது தெரிந்துவிடும்.

உவரி சுயம்புவும் ராமானுஜன் எண்ணும்

கப்ரேக்கர் இதோடு நிற்கவில்லை.

ஓர் எண்ணுடன் அதன் இலக்கங்களைக் கூட்டிப் புது எண் உண்டாக்கினார். 21ஐ எடுத்துக்கொண்டால், 2ம் 1ம் சேர்ந்து 3. 21ம் 3ம் சேர்ந்து 24. ஆக, 24க்குத் தகப்பன் 21.

இப்படித் தகப்பனே இல்லாத எண்களும் இருப்பதை அவர் கண்டார். 20 அப்படிப்பட்டது. எந்த எண்ணில் தொடங்கினாலும் 20 கிடைக்காது. 31, 42, 53 ஆகியவையும் அப்படித்தான்.

நெல்லைச் சீமையில் உவரி சுயம்புலிங்க சுவாமியைக் கும்பிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். யாரும் செய்து வைக்காமல் தானே தோன்றியது சுயம்பு. இந்த எண்களும் ஒரு வகையில் சுயம்புதான். இவற்றுக்குத் 'தேவ்லாலி எண்கள்' என்றும் பெயர் உண்டு.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு 'ஹர்ஷத்' எண்கள் என்று பெயரிட்டார். மகிழ்ச்சி தருவது என்று பொருள். 12 அத்தகையது. 1ம் 2ம் சேர்ந்தால் 3. பன்னிரண்டை மூன்றால் வகுக்கலாம்.

நம் கணித மேதை ராமானுஜன் பெயரோடு சேர்ந்து புகழ் பெற்ற 1729ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தான் ஏறி வந்த டாக்சியின் எண் என்று சொன்னாரே, அதே எண்தான்.

1, 7, 2, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 19. 1729ஐ 19ஆல் வகுத்தால் 91. மீதி இல்லை. 19ஐத் திருப்பிப் போட்டால் 91! கும்பகோணத்தில் வளர்ந்தவரின் எண்ணும் தேவ்லாலி வாத்தியாரின் எண்ணும் இங்கே கைகுலுக்குகின்றன.

ராமானுஜனும் குமாஸ்தாவாக இருந்தவர்தான். 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில், மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். ஆபீஸ் லெட்ஜர் ஒரு பக்கம், சொந்தக் கணக்கு நோட்டு இன்னொரு பக்கம் என்று இருந்தார்.

சிரித்தார்கள்!

கப்ரேக்கரை அப்போது எல்லோரும் கொண்டாடினார்களா? இல்லை.

நம் நாட்டுக் கணிதப் பேராசிரியர்கள் பலர் அவருடைய வேலையைப் பார்த்துச் சிரித்தார்கள். இது வெறும் பிள்ளை விளையாட்டு என்றார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிற முறையை மாற்றிவிட்டால் 6174ன் அதிசயமும் மாறிவிடும். ஆகவே இது ஆழ்ந்த கணிதம் ஆகாது என்பது அவர்கள் வாதம்.

பெரிய பத்திரிகைகள் இடம் தராதபோது கப்ரேக்கர் சோர்ந்துவிடவில்லை. தன் கட்டுரைகளைத் தானே சிறு பிரசுரங்களாக அச்சிட்டார். 'ஆசிரியரே வெளியிட்டது, தேவ்லாலி' என்று போட்டுக்கொண்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளத்தில் அதுவும் ஒரு செலவு.

குடிகாரனுக்கு மதுவில் உள்ள மயக்கம் தனக்கு எண்களில் உண்டு என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார்.

1966ல் மனைவி இறந்தார். அதன்பின் பென்சன் பணம் போதவில்லை. எளிமையாகவே வாழ்ந்தவர் அவர். அப்படியும் பற்றாக்குறை. ஓய்வு பெற்ற வயதில், வயிற்றுப்பாட்டுக்காகப் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் டியூஷன் எடுத்தார். எண்களை விட்டுவிடவில்லை.

1975 மார்ச் மாதம் நிலைமை மாறியது. அமெரிக்காவின் 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், தன் கணித விளையாட்டுப் பகுதியில் கப்ரேக்கரைப் பற்றி எழுதினார். உலகெங்கும் கணிதப் பிரியர்கள் 6174ஐப் போட்டுப் பார்த்தார்கள்.

அப்போது கப்ரேக்கருக்கு வயது 70. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1986ல் அவர் காலமானார்.

விளையாட்டு சோறு போடுமா?

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு ஒன்று உண்டு.

"என்னல எழுதிக்கிட்டு இருக்கே?"

"கணக்கு விளையாட்டுப்பா."

"விளையாட்டு சோறு போடுமாலே? பரீட்சைக்குப் படி."

தகப்பனைக் குறை சொல்ல முடியாது. வாக்ளே எஸ்டேட் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்குப் பிள்ளை கரை சேர வேண்டுமே என்ற கவலை. கப்ரேக்கரின் கதையைப் பார்த்தால் விளையாட்டு பெரிதாகச் சோறு போடவும் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவரை வாத்தியார் ஆக்கியது அந்த விளையாட்டுதான். நல்ல வாத்தியார் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். தனக்கு எண்களில் இருந்த ருசியை வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஊட்டினார். அவர் பாடம் நடத்தும் விதத்தைப் பற்றிப் பேசச் சொல்லிச் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் அழைத்தன.

கணக்கில் தோற்கும் பிள்ளை பெரும்பாலும் மூளை இல்லாததால் தோற்பதில்லை. பயத்தால் தோற்கிறது. மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பயம் இரண்டு மடங்கு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி அல்லது இங்கிலீஷ். கேள்வி புரிவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. 6174 எல்லா மொழியிலும் 6174தான். பக்கத்து வீட்டு மராத்திப் பையனும் நம் வீட்டுப் பெண்ணும் ஒரே சிலேட்டில் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

தாராவியிலும் செம்பூரிலும் தாணேயிலும் நம் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரியில் கணிதம் படிக்கிறார்கள். வங்கியிலும் ஆபீசிலும் கணக்கு எழுதுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டி உட்கார வைத்தால் போதும். பீஸ் வேண்டாம். கரும்பலகைகூட வேண்டாம்.

கடன் வாங்கிக் கழித்தல் என்றால் ஓடும் பிள்ளையிடம் 6174 விளையாட்டைக் கொடுங்கள். பத்துக் கழித்தல் போடு என்றால் போடாது. 6174 வருகிறதா பார் என்றால் ஏழு கழித்தலையும் தானாகப் போடும். நடுவில் ஒன்று தப்பானால் சந்தேகம் வந்து, தானே திரும்பிப் போய்த் திருத்தும்.

வகுத்தல் பழக வேண்டுமா? ஹர்ஷத் எண்களைத் தேடச் சொல்லுங்கள். பெருக்கல் வேண்டுமா? டெம்லோ எண்கள் இருக்கின்றன.

அதன் பிறகு கேள்வியைக் கொடுங்கள், விடையைக் கொடுக்காதீர்கள்.

மூன்று இலக்கத்தில் செய்தால் என்ன ஆகும்? 352ல் தொடங்கினால் 297, 693, 594 என்று போய் 495ல் நின்றுவிடும். மற்ற எண்களும் அங்கேதான் போகின்றனவா? பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டு சோதிக்கட்டும்.

இரண்டு இலக்கத்தில்? அங்கே ஒரு வேடிக்கை. 9, 81, 63, 27, 45, மறுபடி 9 என்று வட்டமடித்துக்கொண்டே இருக்கும். நிற்கவே நிற்காது. ஏன் என்று யோசிக்கட்டும்.

எந்த எண்ணுக்கு எத்தனை கழித்தல் ஆயிற்று என்று நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சி என்பது அங்கேதான் தொடங்குகிறது. கப்ரேக்கர் செய்ததும் அதைத்தான்.

அப்படி ருசி கண்ட பிள்ளைக்கு மேலே போக வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. செம்பூரைத் தாண்டி மான்குர்தில் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் இருக்கிறது. நாட்டின் சிறந்த கணித மாணவர்களுக்கு ஒலிம்பியாட் போட்டிக்கான பயிற்சி முகாம் பல ஆண்டுகள் நடந்த இடம் அது. 1996ல் உலக நாடுகளின் மாணவர்கள் கலந்துகொண்ட சர்வதேச கணித ஒலிம்பியாட் இதே மும்பையில்தான் நடந்தது.

எல்லாப் பிள்ளையும் அதுவரை போகாது. போக வேண்டும் என்பதும் இல்லை. கணக்கு நோட்டைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தாலே அந்த ஒரு மணி நேரத்துக்குப் பலன் கிடைத்த மாதிரிதான்.

இன்று மாலை வேலை முடிந்து திரும்பும்போது, ரெயில் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணில் இருந்து நான்கு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார இடம் கிடைத்தால் வண்டியிலேயே போட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

எத்தனை கழித்தலில் 6174 வந்தது என்று பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும்.